மாடிப்படி ஏறுமா? வீட்டுப் பட்டறைக்கு ஒரு சின்ன மில்லிங் மிஷின்

அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மில்லிங் மிஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எதை எடுக்கட்டும்?" கோயம்புத்தூர் பீளமேட்டில் முதல் மாடி, வாடகை வீடு. ஏற்கெனவே ஒரு குட்டி லேத் பின்பக்கத்து அறையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொழுதுபோக்குக்கு ஸ்டிர்லிங் எஞ்சின் (சூடான காற்றில் ஓடும் எஞ்சின்) மாடல் செய்கிறான். சிலிண்டர், பிஸ்டன், பிளைவீல் எல்லாம் லேத்திலேயே முடிந்துவிடுகிறது. அடித்தட்டுக்கும் பேரிங் தாங்கிகளுக்கும்தான் அரம் போட்டுப் போட்டே மணிக்கட்டு போய்விட்டது என்றான். பத்து நாள் இணையத்தைத் துழாவி, எந்த மிஷினுக்கு எத்தனை வாட்ஸ் மோட்டார், டேபிள் எத்தனை நீளம் என்று ஒரு அட்டவணையே போட்டு வைத்திருந்தான்.

"அதெல்லாம் சரி மாப்ளே, உங்க வீட்டு மாடிப்படி எத்தனை அகலம்?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மில்லிங்கில் வெட்டு எவ்வளவு சுத்தமாக விழும் என்பதை மோட்டாரைவிட மிஷினின் எடைதான் தீர்மானிக்கிறது. லேத்தில் சுற்றுவது ஜாப், அதாவது நாம் செதுக்கும் துண்டு; டூல் அதை விட்டு விலகாமல் சீராக உரித்துக்கொண்டு போகும். மில்லிங்கில் சுற்றுவது கட்டர், அது ஒவ்வொரு பல்லாக வந்து ஜாப்பை அடிக்கும். 4 பல் உள்ள கட்டர் 800 ஆர்.பி.எம்.-இல் சுற்றினால் நிமிடத்துக்கு 3200 அடி. ஒவ்வொரு அடிக்கும் கட்டரைச் சுற்றும் ஹெட்டும் அதைத் தாங்கும் தூணும் துளியளவு வளைந்து திரும்புகின்றன. தூண் தடிமனாக, வார்ப்பிரும்பு தாராளமாக இருந்தால் அந்த அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஜாப்பின் முகத்தில் கோடு கோடாக விழும், கட்டர் முனை சீக்கிரம் போகும், பக்கத்து வீட்டிலிருந்தும் ஆள் வரும். அதனால் எடையை முதல் கட்டத்தில் எழுது, வாட்ஸைக் கடைசிக்குத் தள்ளு என்றேன். எடை என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி மாடிப்படிதானே.

எடை குறைந்ததிலிருந்தே வருவோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, வீட்டில் இருக்கும் பெஞ்ச் டிரில்லில் ஒரு கிராஸ் வைஸைப் (ஜாப்பைக் கவ்வி இரு திசையிலும் நகர்த்தும் பிடியை) பூட்டி அதையே மில்லிங் ஆக்கிவிடலாம் என்பது. எனக்கும் தோன்றியது. அலுமினியத் துண்டு ஒன்றில் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி போனதும் சத்தம் மாறியது. கை சுவிட்சுக்குப் போவதற்குள் டிரில் சக் கட்டரோடு கழன்று, சுற்றிக்கொண்டே வைஸ் மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு வந்து என் செருப்பைக் கடித்துவிட்டு நின்றது. விரல் தப்பியது. தப்பு மிஷினுடையது இல்லை, என்னுடையது. டிரில் போடும்போது அழுத்தம் மேல்நோக்கி வருவதால் சக் தன் டேப்பரில் (கூம்பான பொருத்தில்) மேலும் இறுகும். என்ட் மில்லோ (பக்கத்திலும் நுனியிலும் பல் உள்ள கட்டர்) ஜாப்பைப் பக்கவாட்டில் தள்ளும், அதன் திருகுப் பல் தன்னையே கீழே இழுக்கும். மேலிருந்து இழுத்துப் பிடிக்க டிரா பார் என்ற நீள போல்ட் கிடையாது. டிரில் மிஷினின் பேரிங்கும் இந்தப் பக்கவாட்டு உதைக்குச் செய்ததல்ல. இந்த வழியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம்.

லேத் இருப்பவருக்கு வெர்டிகல் ஸ்லைடு என்று ஒரு வழி உண்டு. கட்டரை லேத்தின் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டி, குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடின் மேல் ஏறி இறங்கும் ஒரு சின்ன மேடையைப் பூட்டி, அதில் ஜாப்பைப் பிடிப்பது. இங்கிலாந்தில் மைஃபோர்டு லேத் வைத்திருந்த பொழுதுபோக்குக்காரர்கள் பல வருடங்கள் இதை வைத்தே நீராவி எஞ்சின் மாடல்களைச் செய்து முடித்தார்கள். செலவும் இடமும் மிகக் குறைவு. ஆனால் ஜாப்பைப் பிடிக்க இடம் உள்ளங்கை அளவுதான். ஒவ்வொரு முறையும் கட்டி, சதுரம் பார்த்து, கழற்றுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கட்டரை மூன்று தாடை சக்கில் பிடித்தால் மெல்ல வெளியே நழுவி வரும், காலெட் (கட்டரைச் சுற்றிலும் கவ்வும் குழல்) வேண்டும். வருடத்துக்கு நாலு பள்ளம் எடுப்பவருக்கு இது போதும். என் மாப்பிள்ளை வாரத்துக்கு நாலு எடுக்கிறவன்.

புரோக்சான் எம்.எஃப்.70 மாதிரி மேசை மேல் வைக்கும் பொம்மை மில்லும் அவன் அட்டவணையில் இருந்தது. 7 கிலோ, 100 வாட்ஸ், அழகாக இருக்கும். அதன் வேகம் 5000-இல் தொடங்கி 20,000 ஆர்.பி.எம். வரை போகிறது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டரில் சாதா இரும்பை வெட்ட நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் என்பது பட்டறைக் கணக்கு. 10 எம்.எம். கட்டருக்கு அது சுமார் 800 ஆர்.பி.எம். அதே கட்டரை 5000-இல் சுற்றினால் 157 மீட்டர். நீலம் பாரித்துக் கருகிவிடும். 1, 2 எம்.எம். கட்டர் போட்டுப் பித்தளையில் கடிகாரப் பாகமோ ரயில் மாடலோ செய்பவர்களுக்கு அது அருமையான மிஷின். அடித்தட்டு செதுக்குவதற்கு அது எதற்கு?

அடுத்தது 60 கிலோவை ஒட்டிய மினி மில். ஷாங்காயின் சீக் நிறுவனத்து எக்ஸ்2-தான் இந்த உருவத்துக்கு அடையாளப் பெயர். அதே அச்சில் பல பெயர்களிலும் பெயரே இல்லாமலும் விற்கிறார்கள். டேபிள் 390-க்கு 90 எம்.எம். அளவில் இருக்கும். நீளவாக்கில் 220, குறுக்கே 100 எம்.எம். ஓடும். பெயர் ஒட்டாத ஒன்று என்னிடம் நாலு வருடம் இருந்தது. அதைத் திட்ட மனசு வரவில்லை. மில்லிங் என்றால் என்ன என்று அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஒன்று: அந்த வகையின் பழைய அமைப்பில் தூண் முழுவதும் அடியில் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது. தூணைப் பக்கவாட்டில் சாய்த்துக் கோணத்தில் வெட்டலாம் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். நாலு வருடத்தில் நான் அதை ஒரு முறைகூடச் சாய்த்து வேலை செய்யவில்லை. கோணம் வேண்டுமென்றால் ஜாப்பை வைஸில் சாய்த்து வைப்பதுதான் சுலபம். சாய்வதற்காக வைத்த அந்த நட்டால்தான் இரும்பு வெட்டும்போது ஹெட் முழுவதும் தலையாட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அரை அங்குலத் தகட்டில் ஒரு முட்டு செய்து தூணின் முதுகில் போல்ட் போட்டேன், பாதி ஆட்டம் நின்றது. இந்த வகையில்தான் வாங்குவது என்றால் சாயாத தூண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஹெட்டுக்குள் பிளாஸ்டிக் கியர் இருக்கும். கட்டர் சிக்கினால் முதலில் அதன் பல்தான் போகும். மோட்டாரைக் காப்பாற்றும் ஃபியூஸ் என்று வைத்துக்கொண்டால் கோபம் வராது, ஆனால் ஒரு ஜோடி உபரியாக வாங்கி வைக்க வேண்டும். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரும் பெல்ட்டும் போட்டு வரும் புது வகையில் இந்தத் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு. இரவு எட்டு மணிக்கு மேல் வேலை செய்பவருக்கு அந்த ஒரு காரணமே போதும்.

யாரும் கேட்காத ஓர் அளவு இருக்கிறது: ஸ்பிண்டில் மூக்குக்கும் டேபிளுக்கும் நடுவே உள்ள உயரம். இந்தக் குட்டி மில்களில் அது 300 எம்.எம்.-ஐ ஒட்டியே இருக்கும். தாராளம் போலத் தெரியும். வைஸ் உட்கார்ந்தால் 70 போச்சு. வைஸுக்கு மேலே ஜாப் ஒரு 40. டிரில் சக்கும் அதன் தண்டும் 100. அதில் 10 எம்.எம். டிரில் பிட் வெளியே நிற்பது 90. முடிந்தது, ஹெட் மேலே முட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டை போட்டுவிட்டு அதே இடத்தில் ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் டூல்) போட வேண்டும் என்றால் ஜாப்பை அசைக்காமல் முடியாது. டேபிள் நீளத்தை அட்டவணையில் எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இதற்கு மேல்படியில்தான் என் கண் நிற்கிறது. 100-லிருந்து 170 கிலோ வரை, டோவ்டெயில் தூண் (ஹெட் சுழலாமல் நேராக ஏறி இறங்கும் சரிவு விளிம்புத் தூண்), 750 வாட்ஸ் முதல் 1 கிலோவாட் வரை மோட்டார், 550-க்கு 160 எம்.எம். டேபிள். சீக்கின் எக்ஸ்3 குடும்பமும் அதன் தம்பிகளும் இந்த ரகம். சாதா சிங்கிள் ஃபேஸ் பிளக்கில் ஓடும். மினி மில்லில் 10 எம்.எம். கட்டரை வைத்து இரும்பில் அரை எம்.எம். ஆழத்துக்குப் பள்ளம் எடுக்கவே நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இதில் அதே கட்டரில் ஒன்றரை, இரண்டு எம்.எம். என்று போனாலும் சத்தம் மாறாது. டேபிள் 160 அகலம் இருப்பதால் 100 எம்.எம். வைஸ் ஒழுங்காக உட்காரும். 90 எம்.எம். டேபிளில் அதே வைஸை வைத்தால் திண்ணைக்கு வெளியே கால் தொங்குவது போல இருக்கும்.

இதிலும் குறை உண்டு. டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ சாதா ஸ்க்ரூதான். கைப்பிடியைத் திருப்பினால் 0.1, 0.2 எம்.எம். காலியாகச் சுற்றிவிட்டுத்தான் டேபிள் நகரும். கட்டர் சுற்றும் திசையிலேயே ஜாப்பைத் தள்ளினால் கட்டர் அந்தக் காலி இடத்துக்குள் டேபிளை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், பல் உடையும். எதிர்த்திசையில் வெட்டிப் பழக வேண்டும், நகராத அச்சை ஜிப் (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) லாக் போட்டு இறுக்கிவிட வேண்டும். டேபிள் நகர்ந்த தூரத்தை எண்ணாகக் காட்டும் டி.ஆர்.ஓ. மாட்டிக்கொண்டால் இந்தக் காலிச் சுற்றை எண்ணிக் கழிக்கும் தலைவலி போகும். நான் புதிதாக எதை மாட்டினாலும் முறைக்கிற என் வீட்டுக்காரம்மாகூட அந்த எண் ஓடுவதை நின்று வேடிக்கை பார்த்தார்.

அதைவிட எடை கூடுதலாக, ஆனால் மலிவாக, உருண்டைத் தூண் வைத்த மில்-டிரில் என்று ஒரு ரகம் பழைய சந்தையில் வரும். தைவானின் ரோங் ஃபூ செய்த ஆர்.எஃப்.30-ஐப் பார்த்துச் செய்தவை. இரும்பு தாராளம், மோட்டாரில் தெம்பு உண்டு. தூண் உருண்டை என்பதுதான் வில்லங்கம். ஹெட்டை ஏற்ற இறக்க நட்டைத் தளர்த்தினால் ஹெட் கொஞ்சம் சுழன்றுவிடும், பிடித்து வைத்த மையம் போய்விடும். இதற்கு ஒரு நண்பர் செய்த உபாயம் எனக்குப் பிடித்தது. ஹெட்டில் ஒரு லேசர் விளக்கை ஒட்டி, 3 மீட்டர் தள்ளிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. ஹெட்டை ஏற்றியதும் புள்ளி கோட்டில் விழும்வரை திருப்பி இறுக்குகிறார். சுவரில் 1 எம்.எம். தப்பினால், தூணிலிருந்து 200 எம்.எம். தள்ளி நிற்கும் ஸ்பிண்டிலில் 0.07 எம்.எம்.-தான் தப்பும். பிராக்கெட், அடித்தட்டு வேலைக்கு அது போதும். பேரிங் குழிக்குப் போதாது. பாதி விலைக்கு நல்ல நிலையில் கிடைத்தால் எடுங்கள், புதிதாகக் காசு போட்டு வேண்டாம்.

அப்புறம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மட்டும் வரும் ஆசை: ஃபேக்டரியில் ஓடின பழைய டரட் மில் (ஹெட்டைத் திருப்பி வைக்கக்கூடிய, தரையில் நிற்கும் பெரிய மில்). 1938-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஊரில் பிறந்த அந்த உருவத்தை உலகம் முழுக்கச் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். பம்ப் கம்பெனியும் மோட்டார் கம்பெனியும் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி.-க்கு மாறும்போது இவை வெளியே வரும். பிஞ்சோரில் செய்த எச்.எம்.டி. மில்லிங்கும் வரும், அது வீட்டுக்கு ஆகாது, அதை வைக்க வீட்டை மாற்ற வேண்டும். டரட் மில் ஒரு டன் அளவில் நிற்கும். தரைத்தளம், ஷட்டர் வைத்த அறை, கிரேன் வர வழி, இந்த மூன்றும் இருப்பவர் இதைத் தவிர வேறு எதையும் பார்க்கவே வேண்டாம்.

ஊருக்கு வெளியே ஒரு குடோனில் ஒன்றைப் பார்க்கப் போனேன். பச்சைப் பெயின்ட் இன்னும் காயவில்லை. "ஓட்டிப் பாருங்க தம்பி, பால் மாதிரி ஓடும்" என்றார் பெரியவர். ஓட்டினால் நிஜமாகவே சத்தமில்லாமல் ஓடியது. சத்தம் ஒரு கணக்கே இல்லை. பையிலிருந்து டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவியை) எடுத்துக் காந்த ஸ்டாண்டில் வைத்து, டேபிளை நடுவில் நிறுத்தி, ஒரு முனையைப் பிடித்து ஆட்டினேன். முள் 0.3 எம்.எம். ஓடியது. ஜிப்பை இறுக்கினேன், ஆட்டம் நின்றது. டேபிளை ஓரத்துக்கு ஓட்டினால் பாதியிலேயே பிடித்துக்கொண்டது. நடுவில் தேய்ந்து, ஓரத்தில் புதிதாக நிற்கிறது என்று அர்த்தம். இருபது வருடம் ஒரே வைஸில் ஒரே ஜாப் ஓட்டியிருப்பார்கள். அதை ஸ்கிரேப் செய்து, அதாவது கையால் சுரண்டி, நேராக்கும் ஆள் இப்போது குறைவு, கூலி மிஷின் விலையை எட்டும். பெரியவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டீ சாப்பிடறீங்களா?" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நல்லதாக ஒன்று அமைந்துவிட்டால் 3 ஃபேஸ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2 எச்.பி. மோட்டாருக்கு வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை 3 ஃபேஸாக மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி) வைத்து வீட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓட்டலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இலவசம். ஆனால் அந்த வி.எஃப்.டி. கொடுப்பது 230 வோல்ட் 3 ஃபேஸ். நம் ஊரில் இந்த அளவு மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் என்ற காயில் இணைப்பில் கட்டியிருக்கும், அதை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் 6 முனை இருந்தால் அரை மணி நேர வேலை. 3 முனைதான் வெளியே வருகிறது என்றால் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோய் உள்ளே இருக்கும் ஸ்டார் முடிச்சைப் பிரித்து 6 முனையாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டிவிட்டு மோட்டாருக்குத் தெம்பில்லை என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்து மோட்டார் லைனில் இழுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது.

எந்த மிஷின் ஆனாலும் ஸ்பிண்டில் டேப்பர் என்ன என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். சின்ன மில்களில் எம்.டி.3 (மோர்ஸ் டேப்பர் 3) அல்லது ஆர்8 என்ற டேப்பர் வரும். மோர்ஸ் டேப்பரின் சரிவு பக்கத்துக்கு ஒன்றரை டிகிரிதான், கவ்விக்கொண்டால் விடாது, ஒவ்வொரு முறையும் டிரா பாரைத் தளர்த்திச் சுத்தியால் தட்டித்தான் கழற்ற வேண்டும். அந்தத் தட்டு பேரிங்கில் போய் விழுகிறது. ஆர்8-இன் சரிவு மொத்தம் 17 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, சுலபமாக விட்டுவிடும். எம்.டி.3-க்கு ஒரு நியாயம் உண்டு: லேத்தின் டெயில் ஸ்டாக்கும் எம்.டி.3 என்றால் சக், ஸ்லீவ் எல்லாம் இரண்டுக்கும் பொது. நான் ஆர்8 பக்கம்.

விலை எழுதவில்லை. டாலரும் கன்டெய்னர் வாடகையும் ஏறி இறங்கும்போது எழுதினது மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும். மிஷினுக்கு ஒரு தொகை ஒதுக்கினால் அதில் பாதியைத் தனியாக எடுத்து வையுங்கள் என்பது மட்டும் மாறாது. வைஸ், கிளாம்ப் செட், இ.ஆர்.25 காலெட், 4-லிருந்து 12 எம்.எம். வரை என்ட் மில், பேரலல் (ஜாப்பின் அடியில் வைக்கும் சம உயரக் கட்டைகள்), டயல் கேஜ். இதில் வைஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டிரில் வைஸ் ஒன்றை மில்லிங்குக்குப் போட்டால், இறுக்கும்போது நகரும் தாடை ஜாப்பை ஒரு பக்கம் தூக்கிவிடும். மேல்முகம் எடுத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு முனை 20, மறுமுனை 20.2. யாரைக் குறை சொல்வது?

வாங்காமலே இருப்பதும் ஒரு வழிதான், கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ நின்றுகொண்டு எழுதும்போது அதைச் சொல்லாமல் விட முடியாது. நாலு தெருவுக்கு ஒரு ஜாப் ஒர்க் பட்டறை இருக்கிற ஊர். வருடத்துக்கு மூன்று பேரிங் குழிதான் என் தேவை என்றால், ஒரு தாளில் அளவைப் போட்டு எடுத்துக்கொண்டு போய், "அண்ணே, இதொண்ணு எடுத்துக் கொடுங்க" என்று நின்றால் வேலை முடிந்தது. ஆனால் அவர்களுக்கு ஆயிரம் பீஸ் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஒற்றைத் துண்டுக்கு செட்டிங்கைக் கலைக்க மாட்டார்கள். "அடுத்த வாரம் வாங்க" என்பது எத்தனையாவது வாரம் என்று தெரியாது. மாப்பிள்ளை அப்படி நின்று பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தான்.

அவனுக்கு நான் சொன்னது டோவ்டெயில் தூண் மிஷின், அதிலும் 160 கிலோவை ஒட்டியது. ஹெட் தனி, தூண் தனி, டேபிளோடு அடிப்பாகம் தனி என்று மூன்றாகப் பிரியும், ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கிவிடலாம். மேலே கொண்டுபோய்த் திரும்பப் பூட்டி, ஸ்பிண்டிலில் டயல் கேஜ் மாட்டி டேபிளைச் சுற்றி வந்து தூண் நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு பகல் ஆகும். வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்பதுதான் கட்டடக் கணக்கு. மிஷினும் இரும்பு ஸ்டாண்டும் சேர்ந்தால் அந்த இடத்தில் கணக்கைத் தாண்டுகிறது. அதனால் அறை நடுவில் வைக்காதே, கீழே பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வை, பால்கனிப் பக்கம் போகவே போகாதே என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கே போன். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. "மாமா, படி 34 அங்குலம் இருக்கு. திரும்புற இடத்துல ஹவுஸ் ஓனர் துளசி மாடம் கட்டி வச்சிருக்காரு. அந்த இடத்துல மட்டும் 22."

"ஹெட் அகலம் எத்தனைன்னு உன் அட்டவணையில இருக்கா?" என்றேன். அது மட்டும் அதில் இல்லை.